மாமனாரின் நன்னடத்தைச் சான்று

பாஸ்போர்ட் விசாரணைக்கும் நன்னடத்தைச் சான்று எழுதும் வேலைக்கும் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு பொத்தானைத் தட்டினால் ஒருவன் மேல் இருக்கிற கேஸெல்லாம் உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. என் காலத்தில் அதே விஷயத்துக்குக் கரப்பான் ஓடுகிற ரெஜிஸ்டரை மடியில் போட்டுக்கொண்டு அரை நாள் உட்கார வேண்டும். உங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒளிப்பானேன்? எதைப் பார்த்தாலும் கொஞ்சம் வயிறு எரிகிற ஆள்தான் நான். அந்த எரிச்சலால் ஒரு தாள் என் மேசையில் மாட்டிக்கொண்ட கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

திருத்தணி தாலுகாவில் ஒரு ஸ்டேஷன். பெயர் வேண்டாம். எழுபதுகளின் பிற்பாதியில் நான் அங்கே ரைட்டர். பதவி தலைமைக் காவலர்தான், ஆனால் உள்ளே வருகிற தாளும் வெளியே போகிற தாளும் ரைட்டர் கையைத் தாண்டித்தான் போகும். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சுற்றுவார், சப்-இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் சுற்றுவார், ரைட்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். அந்த நாற்காலிக்கு எவ்வளவு பலம் என்று உங்களுக்கும் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். தெரிகிற அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் மாமனார் நெசவுக்காரர். வீட்டிலேயே நாலு தறி. இரண்டு பெண்கள்தான், ஆண் பிள்ளை கிடையாது. மூத்தவள் தனம், என் மனைவி. இளையவள் சரளா. எல்லைப் பக்கத்துக் குடும்பம் என்பதால் வீட்டில் பேசுவது தமிழ், கூப்பிடுகிற முறையெல்லாம் தெலுங்கு. அப்பாவை நைனா என்பார்கள். சரளா என்னை பாவா என்பாள். மாமனாருக்கு நான் ‘பெரிய மாப்ள’. தறிக்கு மோட்டார் வைக்கலாமா, கிருத்திகைக்கு மலைக்கு எந்த வண்டியில் போகலாம், சரளாவுக்கு வந்த வரன் சரியா, எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டுத்தான் அந்த வீட்டில் முடிவு எடுப்பார்கள். அதில் எனக்கு எத்தனை பெருமை என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சரளாவுக்கு வந்த மாப்பிள்ளை குமரேசன். அரக்கோணத்தில் வெல்டர். ‘நல்ல பையன், முடிச்சிடுங்க மாமா’ என்று சொன்னவனே நான்தான். முழங்கை வரைக்கும் தீப்பொறி பட்ட புள்ளிகள். என் எதிரில் உட்காரமாட்டான். வாய்க்கு வாய் ‘அண்ணா’ என்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. என்னைவிட ஒரு படி கீழே இருந்தான், பிடிக்காமல் என்ன செய்யும்?

கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து, கனடாவில் வெல்டர் வேண்டும் என்று எடுத்தார்கள். போய்விட்டான். அடுத்த வருஷமே சரளாவையும் கூப்பிட்டுக்கொண்டான். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போகிறேன். நான் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் அவன் அனுப்பிய டேப் ரெக்கார்டர் உட்கார்ந்திருக்கிறது. மேலே பூப்போட்ட துணி வேறு.

“அத்த நவுத்தினா தூசி பட்டுடும் மாப்ள. நீங்க இப்டி பாயில குந்துங்க” என்றார் மாமனார்.

குந்தினேன். அவர் குமரேசனின் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். பனி முழங்கால் மட்டும் விழுகிறதாம். வீட்டுக்குள் சுவரிலிருந்தே சூடு வருகிறதாம். ஒரு மணி நேர வேலைக்கு அவனுக்கு வருகிற சம்பளத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மாமியார் என்னிடம் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டது சரளா பேசி அனுப்பிய டேப்பும் ஓடி முடிந்த பிறகுதான். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் நான் காபிக்குக் காத்திருந்தேன். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் தனத்திடம் கத்திக்கொண்டே வந்தேன். எதற்குக் கத்துகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது.

பெற்றோரைக் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொள்ள சரளாவும் குமரேசனும் ஸ்பான்சர் செய்தார்கள். விண்ணப்பப் படிவம் தபாலில் வந்தது. மாமனார் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஆங்கிலம் தெரிந்த மாப்பிள்ளை நான் ஒருத்தன்தானே இங்கே மிச்சம். நிரப்பினேன். ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா’ என்று ஒரு கேள்வி. அவரைக் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதினேன். போலீஸ்காரனின் மாமனார் மேல் கேஸ் இருக்குமா என்ற திமிர். அந்த ஒரு சொல் என்ன செய்தது என்று பின்னால் சொல்கிறேன்.

சில மாதம் கழித்து டெல்லித் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. இருவருக்கும் போலீஸ் நன்னடத்தைச் சான்று வேண்டும். கையெழுத்தான தேதியிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அவர்கள் முடிவு எடுக்கிற அன்றைக்கு ஆறு மாதம் தாண்டியிருந்தால் புதிதாக வாங்க வேண்டும். டாக்டர் சான்றுக்கும் அதேபோல் ஒரு கெடு.

அதே வாரம் எனக்குத் தனியாக சரளா எழுதியிருந்தாள். நாலாவது மாசம். இதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்துவிட்டது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குமரேசன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் யாருமில்லை. ‘அம்மா வந்துட்டா எனக்குத் தைரியம் பாவா. நீங்க அங்க இருக்கறதால பேப்பர் சீக்கிரம் வந்துடும்னு இவர் சொல்றார்.’

எஸ்.பி. ஆபீசில் கொடுத்த மனு விசாரணைக்காக எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து என் மேசையில் உட்கார்ந்தது. நாங்கள் எழுத வேண்டியது மூன்று வரி: இவர் இந்த ஊர்க்காரர், இத்தனை வருஷமாக இருக்கிறார், இவர் மேல் எதுவும் கிடையாது. ஒரு வாரத்து வேலை. நான் அந்த முதல் நாளே இன்ஸ்பெக்டரிடம் போய், ‘சார், இவங்க எனக்கு மாமனார் மாமியார், வேற யாராவது பார்க்கட்டும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவருக்கு என் உறவு எதுவும் தெரியாது.

மறுநாள் காலை மாமனார் ஸ்டேஷனுக்கே வந்தார். கையில் தூக்கு. தூக்கில் காபி.

“மாப்ள, நம்ம பேப்பர் வந்துச்சா?”

“வந்துச்சு மாமா. பாக்கணும்.”

“பாருங்க, பாருங்க. அவசரமில்ல. நீங்க பாத்து செஞ்சா செரியா இருக்கும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது டேப் ரெக்கார்டர் அலமாரிக்கு ஏறியிருந்தது. நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றும்போதே காபி வந்தது. குமரேசன் கடிதத்தை அன்றைக்கு யாரும் படிக்கவில்லை. ‘பெரிய மாப்ள இன்னா சொல்றாரு, பெரிய மாப்ள இன்னா சொல்றாரு’ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தாள் என் மேசையில் இருக்கிற வரைக்கும்தான் இந்தக் காபி. சான்று போய்ச் சேர்ந்த மறுநாள் டேப் ரெக்கார்டர் இறங்கி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிடும்.

தாளைப் பிடித்து வைக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. தேடினேன். விதியிலேயே கிடைத்தது.

உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்காது. அறுபதாம் வருஷம் வரைக்கும் திருத்தணி ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லையைத் திருப்பிப் போட்டபோதுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. எங்கள் ஸ்டேஷன் ரெஜிஸ்டர் அறுபதிலிருந்துதான் ஆரம்பம். அதற்கு முந்தையதெல்லாம் தெலுங்கில் எழுதியது, சித்தூருக்குப் போய்விட்டது. ஒருவன் வேறு மாவட்டத்தில் இருந்திருந்தால் அந்த மாவட்டத்தைக் கேட்டுத்தான் சான்று தர வேண்டும் என்பது விதி. ஊரை விட்டு ஊர் போனவனுக்காக எழுதிய விதி அது. இங்கே மனுஷர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், மாவட்டம்தான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. அதனால் எங்கள் பக்கத்தில் எந்த ரைட்டரும் அந்த விதியை இந்த ஊர்க்காரர்களுக்குப் போட்டதில்லை. நானும் போட்டதில்லை. மாமனாருக்கும் மாமியாருக்கும் போட்டேன். ‘அறுபதுக்கு முன் மேற்படி நபர்கள் மீது ஏதும் வழக்கு உண்டா என்று தெரிவிக்கவும்’ என்று சித்தூருக்குக் கடிதம் எழுதி, வெளியே போகிற தபால் பதிவேட்டில் நம்பர் போட்டு அனுப்பினேன்.

ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. மாமனார் தினம் தூக்கோடு வந்துகொண்டிருந்தார். தனத்துக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாங்க, ஊர்ல அல்லாருக்கும் ஒரு வாரத்துல எய்தி அனுப்பறீங்க. எங்கம்மாவுக்கு மட்டும் இன்னா வந்துச்சு? அங்க அவ ஒண்டியா படுத்துகினு இருக்கா.”

“ரூல் தனம், ரூல். சொந்தக்காரங்கன்னு நான் சலுகை காட்டினா நாளைக்கு ஊர் கேக்காது?”

மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். எவ்வளவு நேர்மையான ஆள் என்று எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. பொறாமைக்காரனுக்குச் சட்டப் புத்தகத்தைப் போல வசதியான துணை வேறு கிடையாது, தம்பிகளா. கேட்பவர் வாயை அடைக்கும், உள்ளே இருப்பதையும் மூடி வைக்கும்.

மூன்றாவது மாதக் கடைசியில் சித்தூரிலிருந்து பதில் வந்தது. மாமியார் மேல் எதுவும் இல்லை. மாமனார் பெயருக்கு நேரே ஒரு வரி இருந்தது. ரயிலை மறித்ததற்காகக் கைது, மூன்று நாள் சிறை.

இரண்டு தடவை படித்தேன். கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று என் கையெழுத்தில் எழுதிய படிவம் டெல்லியில் இருக்கிறது. பொய் சொன்னார் என்று ஆகிவிட்டால் விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள். அவரை மட்டும் தள்ளினாலும் சரி, கூடவே மாமியாரையும் தள்ளிவிட்டால்? சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்கு ஓடினேன். அவர் தறியில் இருந்தார்.

“மாமா, நீங்க எப்பனா ஜெயிலுக்குப் போயிருக்கீங்களா?”

“ஆங், போயிருக்கனே!” தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “இந்த ஊரு மெட்ராஸ் பக்கம்தான் சேரணும்னு ரயிலு மறிச்சோம் மாப்ள. நாப்பது பேரு தண்டவாளத்துல குந்திகினோம். மூணு நாளு உள்ள வச்சான். நல்ல சோறு போட்டான், பொய் சொல்லக் கூடாது.”

“ஏன் மாமா என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கவேயில்லியே! அதுவுமில்லாம, அது இன்னா திருட்டு கேஸா? நம்ம தெருவே போச்சு மாப்ள. அத்தப் போயி யாராவது ஜெயிலுன்னு சொல்லுவாங்களா?”

அவருக்கு அது குற்றமே இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எந்த ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்க அவர் தண்டவாளத்தில் உட்கார்ந்தாரோ, அந்த ஊர் ஸ்டேஷனில் அவர் பெயர் சுத்தமாக இருந்தது. அந்த அழுக்கைச் சித்தூர் வரைக்கும் போய்த் தோண்டி எடுத்து வந்தது அவருடைய மாப்பிள்ளை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பதில் கடிதத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். எஸ்.பி. ஆபீசிலிருந்து மூன்றாவது ஞாபகக் கடிதம் அவர் கையில்.

“இந்த ரெண்டு சான்று ஏன் இன்னும் போகல ரைட்டர்?”

“சித்தூருக்கு எழுதியிருக்கேன் சார். அறுபதுக்கு முன்னாடி இது அவங்க மாவட்டம். ரூல் இருக்குது.”

“ஆமா, இருக்குது. வெளிய போற தபால் பதிவேட்டை எடுத்துகினு வாங்க.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“ரெண்டு வருஷத்துல வெளிநாடு போறவங்களுக்குப் பதினோரு ரிப்போர்ட் எழுதியிருக்கீங்க. அத்தனை பேரும் இந்த ஊர்லயே பொறந்தவங்க. அதுல ஏழெட்டுப் பேருக்கு ஐம்பது வயசுக்கு மேல. ஒருத்தருக்காவது சித்தூருக்குப் போயிருக்கா?”

“இல்ல சார்.”

“இவங்க ரெண்டு பேரும் யாரு?”

“மாமனார் மாமியார் சார்.”

பதிவேட்டை மூடினார். “கூப்பிடறது யாரு? மச்சானா?”

“சகலை சார். சம்சாரத்தோட தங்கச்சி வீட்டுக்காரர்.”

“சகலையா” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் பையிலிருந்து பதிலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு, “சார், இத்த விட்டுடலாமா? யாரும் கேக்கலியே” என்றேன்.

“நீங்க கேட்டீங்களே. நேத்து வரைக்கும் நமக்குத் தெரியாது, தெரியாதுன்னு எழுதியிருந்தா அது நெஜம். இன்னிக்கித் தெரியும். இப்ப மறைச்சா அது வேற.” கடிதத்தை மறுபடி படித்தார். “அந்தம்மா மேல எதுவும் இல்ல. அவங்க ரிப்போர்ட்ல இப்பவே நான் கையெழுத்துப் போடறேன். ஆள் கைல குடுத்து எஸ்.பி. ஆபீசுக்கு அனுப்புங்க. அவங்க ஃபைலை மட்டும் தனியா எடுத்துக்கச் சொல்லி டெல்லிக்கு உங்க மாமனாரே ஒரு கடிதம் எழுதட்டும். அவர் விஷயத்தை சப்-இன்ஸ்பெக்டர் எழுதுவாரு. எதுக்கு மறிச்சாங்க, எத்தினி பேரு, எத்தினி நாளு, எல்லாத்தையும் எழுதணும். படிக்கிறவனுக்கு இது களவாணித்தனம் இல்லன்னு தெரியணும். படிவத்துல ‘இல்ல’ன்னு எழுதினது யாரு?”

“நான்தான் சார். கேக்காம எழுதிட்டேன்.”

“அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அந்த ஃபைலை இனிமே தொடாதீங்க.”

இதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் இரண்டு. பத்துப் பேருக்குப் போடாத விதியை ஒருத்தனுக்கு மட்டும் போட்டால் அது விதியில்லை, வேறு எதுவோ. உங்கள் பேனா ஒரு விதியை முதல் தடவையாக எடுக்கிறபோது, எதிரில் இருக்கிற பெயர் யாருடையது என்று ஒரு தடவை பாருங்கள். இன்னொன்று, உறவுக்காரர் ஃபைலைத் தொடாதே என்று சொல்வது சலுகை காட்டிவிடுவாய் என்பதற்காக மட்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உறவுக்காரன்தான் கெடுதலும் செய்வான். ஊர் பேர் தெரியாதவன் மேல் எனக்கு என்ன பொறாமை இருக்கப்போகிறது?

மாமியார் ஃபைலைப் பிரித்து எடுத்துக்கொள்ள டெல்லியில் சம்மதித்தார்கள். திருப்பதிக்கு அந்தப் பக்கம் எதையும் பார்க்காத பெண்பிள்ளை, ஒற்றை ஆளாக விமானம் ஏறினாள். பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னால் போய்ச் சேர்ந்தாள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று தந்தி வந்தது. தனம் ஸ்டேஷனுக்கே ஓடிவந்து எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மாமனார் இங்கேயே தங்கிவிட்டார். ‘ரெண்டு மாசத்துல நானும் வந்துடுவேன்’ என்று மனைவியை அனுப்பி வைத்தவர். படிவத்தில் இருந்த ஒரு ‘இல்லை’க்கு விளக்கம், விளக்கத்துக்கு விளக்கம், பழைய தீர்ப்பின் நகல், அதன் மொழிபெயர்ப்பு. எல்லாம் சேருவதற்குள் நன்னடத்தைச் சான்றின் ஆறு மாதம் முடிந்துவிடும். புதிதாக வாங்கினால் டாக்டர் சான்றின் கெடு தாண்டியிருக்கும். அதைப் புதுப்பித்தால் போலீஸ் சான்று பழசாகிவிடும். மூன்று தடவை வாங்கினோம். மாமியாரும் திரும்பி வரத் துடித்தாள். வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அங்கேயே இரு என்று மாமனார்தான் எழுதினார். இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆயிற்று.

தறிகளை ஒருவருக்கு விட்டுவிட்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, பாருங்கள். மாமனார் முழுக்க முழுக்க எனக்கே. காலையில் எழுந்தால் ‘மாப்ள’, நான் சாப்பிட உட்கார்ந்தால் ‘பெரிய மாப்ளக்கு மொதல்ல போடும்மா’. சாயங்காலம் நான் வீடு திரும்பினால் ஒரே கேள்விதான்.

“மாப்ள, டெல்லி தபாலு எதுனா வந்துச்சா?”

பகலில் மாமியார் பேசி அனுப்பிய கேசட்டைப் போட்டுக் கேட்பார். பேத்தி தவழ்கிறாள், பேத்தி நிற்கிறாள், நீங்க நேரத்துக்குச் சாப்பிடறீங்களா. முடிந்ததும் திருப்பி ஓடவிட்டு முதலிலிருந்து கேட்பார். நாலு பிடி சோறுதான் சாப்பிடுவார். தனம் என்ன சமைத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார், தட்டில் அப்படியே இருக்கும்.

எனக்கு வார விடுமுறையாக இருந்த ஒரு மத்தியானம், தனம் கடைக்குப் போயிருந்தாள். அவர் என்னிடம் சொன்னார்: “பேப்பர்ல எந்தக் கோளாறும் வரக் கூடாதுன்னு நீங்க எனக்காக சித்தூரு வரைக்கும் எய்திப் போட்டீங்க மாப்ள. பெத்த புள்ள செய்வானா இத்த?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“மாமா, சித்தூருக்கு எழுதச் சொல்லி யாரும் கேக்கல. ஊர்ல வேற யாருக்கும் நான் எழுதினதும் இல்ல. உங்களுக்கு மட்டும்தான். பேப்பரைப் பிடிச்சி வைக்கறதுக்காக எழுதினேன்.”

“எதுக்கு?”

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். நாற்காலியில் டேப் ரெக்கார்டர் இருந்தது, என்னைப் பாயில் உட்காரச் சொன்னீர்கள், காபி கடைசியில் வந்தது, குமரேசன் சம்பளத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். மனசுக்குள் இரண்டு வருஷம் மலை மாதிரி இருந்தது, வாயைத் திறந்து சொன்னால் அவ்வளவுதான் இருந்தது. சொல்லி முடித்தேன்.

அவர் கேசட்டை எடுத்து உறைக்குள் போட்டார். அப்புறம் சொன்னார்: “ரெண்டு வருஷமா நான் அவ இல்லாம சோறு துன்றேன்.”

“மன்னிச்சிடுங்க மாமா.”

“தனத்துகிட்ட சொல்லாதீங்க. அவ உங்க கூட குடித்தனம் பண்ணணும்.”

எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பும்போது வாசலில் இருந்தார். “கிளம்பிட்டீங்களா ரைட்டர்?” என்றார். ஊரில் மற்றவர்கள் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. குரலில் கோபமே கிடையாது. மரியாதை ஒரு துளி குறையவில்லை. அன்றிலிருந்து அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. ‘ரைட்டருக்குப் போடும்மா’, ‘ரைட்டர் வந்தாச்சா’. நைனாவுக்குக் குறும்பு வந்துவிட்டது என்று தனம் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

கடைசியில் அவருக்கும் விசா வந்தது. மீனம்பாக்கத்துக்குத் தெருவே வேன் பிடித்துக்கொண்டு வந்தது. தனத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். தறியை எடுத்துக்கொண்டவரிடம் நூலைப் பற்றி ஏதோ சொன்னார். என்னிடம் வந்து, “வரேன் ரைட்டர். ஒடம்பப் பாத்துக்கோங்க” என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே இறங்கியதும் குமரேசன் ஓடிவந்து பையை வாங்கிக்கொள்வான். இவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, ‘இன்னா மாப்ள, நல்லா கீறீங்களா?’ என்று கேட்பார். அதை நினைத்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.